மிச்சத் தகடு எங்கே போகும்?

எட்டாம் வகுப்பில் அளவைகள் பாடம் தொடங்கினால் ஒவ்வோர் ஆண்டும் ஒரு குரல் எழும்: "வில்லின் நீளம் எதுக்கு டீச்சர்?" பீட்சாத் துண்டைக் காட்டி வட்டக்கோணப் பகுதி என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது என் வழக்கம். கப்பலூரில் எங்கள் பிள்ளைகளில் பீட்சா சாப்பிட்டவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். இருந்தும் அதையே பல ஆண்டுகள் சொல்லிவந்தேன். சென்ற கல்வியாண்டில் அந்தப் பதில் செல்லவில்லை. அதற்குக் காரணம் ஒரு விமானம்.

மதுரை விமான நிலையம் எங்களிடமிருந்து சில கிலோமீட்டர் தூரம்தான். இறங்கப்போகும் விமானம் தாழ்வாகப் போனால் வகுப்பே சன்னல் பக்கம் திரும்பும். அன்றும் திரும்பியது. அதட்டுவதற்குப் பதிலாக, முன்பு நாளிதழில் படித்த ஒரு செய்தியைச் சொன்னேன். கேரளத்தின் ஆலப்புழையைச் சேர்ந்த அசோக் தாமராக்ஷன் இயந்திரப் பொறியாளர். இங்கிலாந்தில் வேலை பார்ப்பவர். கொரோனா ஊரடங்குக் காலத்தில் தென்னாப்பிரிக்காவின் ஸ்லிங் நிறுவனத்திலிருந்து நான்கு இருக்கை விமானத்தின் பாகங்களை வரவழைத்து, ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு உழைத்துத் தானே விமானத்தைக் கட்டி முடித்தார். 2022-இல் அது பறந்தது. நம் நாட்டிலும் ஒருவர் உண்டு. விமானி அமோல் யாதவ் மும்பையில் தன் குடியிருப்பின் மொட்டை மாடியிலேயே ஆறு இருக்கை விமானம் கட்டினார். 2016-இல் மும்பையில் நடந்த 'மேக் இன் இந்தியா' கண்காட்சியில் அது வைக்கப்பட்டது. 2017-இல் அதற்குப் பதிவுச் சான்று கிடைத்தது.

பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். எவ்வளவு செலவு, ஓட்டத் தெரியுமா, விழுந்துவிடாதா என்று கேள்விகள் வந்தன. கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன், வாரத்தில் நான்கு நாள்தான் பள்ளிக்கு வருபவன், கேட்டான்:

"ரெக்கையோட வளைவுல தகட்டோட ஓரத்தை மடிக்கணும்ல டீச்சர்? வளைவுல மடிச்சா தகடு மிச்சமாகுமே. மிச்சத் தகடு எங்க போகும்?"

எனக்குக் கேள்வியே புரியவில்லை. "நாளைக்குச் சொல்றேன்" என்றேன். ஆசிரியர்கள் இதைச் சொல்லும்போது என்ன பொருள் என்று பிள்ளைகளுக்குத் தெரியும்.

அவன் பெயர் என் மெல்லக் கற்போர் பட்டியலில் இருந்தது. அவன் அப்பா தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு சிறிய தகடு வேலைப் பட்டறையில் வேலை செய்கிறார். மின்பெட்டி, கூலர் பெட்டி, ஏர்கூலருக்குக் குழாய், எப்போதாவது வண்டிக்கு டிங்கர் வேலை. சனிக்கிழமைகளில் பையன் அங்கே போய் உட்கார்ந்திருப்பான் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

இரண்டு நாள் படித்துப் பார்த்தேன். விமான இறக்கை உள்ளே கூடுதான். இறக்கையின் நீளவாக்கில் ஓடும் உத்திரம் ஒன்று. அதற்குக் குறுக்கே வரிசையாக நம் விலா எலும்பு போல மெல்லிய தகட்டுத் துண்டுகள். அவற்றை விலா என்றே சொல்கிறேன். மேலே வளைந்து, முன்னால் மூக்குப் போல உருண்டு, பின்னால் கூர்மையாக முடியும் இறக்கையின் குறுக்குவெட்டு வடிவமே விலாவின் வடிவம். மேல்தகட்டை இந்த விலாக்களின் மேல் போர்த்தி ரிவெட் அடிப்பார்கள். ரிவெட் அடிக்க இடம் வேண்டும். அதற்காக விலாவின் ஓரத்தைச் சுற்றிலும் ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் அளவுக்குச் செங்குத்தாக மடிக்கிறார்கள். இந்த ஓரமடிப்பு இன்னொரு வேலையும் செய்கிறது. ஒரு தாளை நுனியில் பிடித்தால் தொங்கும்; நீளவாக்கில் ஒரு மடிப்பு மடித்துப் பிடித்தால் நிமிர்ந்து நிற்கும். ஒரு மில்லிமீட்டர்கூடக் கனமில்லாத தகடு நான்கு பேரைத் தாங்குவதன் ரகசியத்தில் பாதி இந்த மடிப்பில் இருக்கிறது.

பாகங்களாக வாங்கிக் கட்டுபவர்களுக்கு விலாக்கள் தொழிற்சாலையில் அழுத்தப்பட்டே வந்துவிடும். வரைபடத்தை மட்டும் வாங்கி, தகட்டைத் தானே வெட்டிக் கட்டுபவர்கள் மரத்தில் அச்சு செய்துகொள்கிறார்கள். விலாவின் வடிவத்தில் இரண்டு மரப்பலகை. இரண்டுக்கும் நடுவே தகட்டை வைத்து வைஸில் இறுக்கி, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஓரத்தைக் கொட்டாப்புளியால் தட்டித் தட்டி அச்சின் பக்கவாட்டில் படிய வைக்க வேண்டும். நேர்கோட்டில் என்றால் யாரும் செய்துவிடலாம். வளைவில்தான் அவன் கேட்ட கேள்வி நிற்கிறது.

அவன் சொன்னதைத் தாளில் வரைந்து பார்த்ததும் புரிந்தது. அச்சின் வளைவு 200 மி.மீ. ஆரமுள்ள கால்வட்டம் என்று வைத்துக்கொள்வோம். ஓரமடிப்புக்கு 15 மி.மீ. விட்டு வெட்டுகிறோம். மடிக்கும் முன் தகட்டின் வெளி விளிம்பு 215 மி.மீ. ஆரமுள்ள வில்லில் இருக்கிறது. மடித்த பின் அது அச்சின் பக்கவாட்டில் இறங்கி 200 மி.மீ. ஆரத்துக்கு வந்துவிடுகிறது. π-க்கு 3.14 போட்டால், மடிக்கும் முன் நீளம் 337.55 மி.மீ.; மடித்த பின் இருக்கும் இடம் 314 மி.மீ. மிச்சம் 23.55 மி.மீ. தகடு. ஏறத்தாழ ஒரு அங்குலம். அந்த ஒரு அங்குலம் எங்கே போகும் என்பதுதான் கேள்வி. எட்டாம் வகுப்பு வில்லின் நீளச் சூத்திரத்துக்கு இதைவிடப் பொருத்தமான கணக்கை நான் இதுவரை பார்த்ததில்லை. அதை எனக்குக் கொடுத்தவனால் அந்தச் சூத்திரத்தைப் பிழையின்றி எழுத முடியாது.

மறுநாள் கரும்பலகையில் போட்டேன். குழுக்களுக்கு வேறு வேறு ஆரம் கொடுத்தேன்: 50, 100, 200, 400. மடிப்பு எல்லாருக்கும் 15 மி.மீ. எதில் மிச்சம் அதிகமாக வரும் என்று முதலில் ஊகிக்கச் சொன்னேன். பெரிய வட்டத்தில்தான் அதிகம் என்றது வகுப்பு. உண்மையைச் சொன்னால் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்; முன்கூட்டிக் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. கடைசி வரிசையிலிருந்து மட்டும் எதிர்ப்பு வந்தது: "இல்ல டீச்சர், சின்ன வளைவுலதான் தகராறு பண்ணும்."

விடைகள் வந்தன. 50 ஆரத்துக்கு 23.55. நூறுக்கு 23.55. இருநூறுக்கும் நானூறுக்கும் அதே 23.55. ஒரு குழு பக்கத்துக் குழுவைப் பார்த்து எழுதிவிட்டது என்று புகார் வந்தது. நானே மீண்டும் போட்டுப் பார்த்தேன். (ஆரம் + 15) × 1.57 என்பதிலிருந்து ஆரம் × 1.57 என்பதைக் கழித்தால் ஆரம் காணாமல் போய்விடுகிறது. மிஞ்சுவது 15 × 1.57 மட்டும். மடிப்பின் அகலமும் திரும்பும் கோணமும் தெரிந்தால் போதும். வட்டம் எவ்வளவு பெரியது என்பது தேவையே இல்லை. பூமியைச் சுற்றிக் கட்டிய கயிற்றை ஒரு மீட்டர் உயர்த்தினால் எவ்வளவு கயிறு கூடுதலாக வேண்டும் என்ற பழைய புதிரும் இதுவேதான். ஏழாம் வகுப்பின் வட்ட நடைபாதைக் கணக்கில் உள் சுற்றளவையும் வெளிச் சுற்றளவையும் கழித்துப் பார்க்கச் சொன்னாலும் இதே வியப்பு கிடைக்கும்.

அப்படியானால் வகுப்பும் தவறு, அவனும் தவறா? அவனைக் கேட்டேன். பதில் சொல்லாமல் கையைக் காட்டினான். விரல்களால் சிறிய வளைவு ஒன்றைப் பிடித்தபடி, "இம்புட்டு எடத்துல அம்புட்டையும் அடைக்கணும்ல" என்றான். 200 ஆரத்தில் 23.55 மி.மீ. மிச்சத்தை 314 மி.மீ. நீளத்தில் பரப்பிக்கொள்ளலாம். 50 ஆரத்தில் இருக்கும் இடமே 78.5 மி.மீ.தான். முதலாவதில் விளிம்பு 7 சதவீதம் சுருங்கினால் போதும். இரண்டாவதில் 23 சதவீதம் சுருங்க வேண்டும். இறக்கையின் மேல் வளைவு சுலபம், மூக்குப் பகுதி கடினம் என்று விமானம் கட்டுபவர்கள் சொல்வதற்கு இதுவே காரணம். மிச்சம் எவ்வளவு என்பது ஒரு கேள்வி. அது எவ்வளவு இடத்தில் அடைகிறது என்பது வேறு கேள்வி. விகிதம், சதவீதம் நடத்தும்போது இந்த வேறுபாட்டை நான் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

சனிக்கிழமை பட்டறைக்குப் போனேன். முன்கூட்டிச் சொல்லிவிட்டுத்தான் போனேன்; இருந்தாலும் டீச்சர் வந்தால் புகார் சொல்லத்தான் வருவார் என்று அவன் அப்பா முகத்தில் எழுதியிருந்தது. "லீவு போடறான்னு தெரியும் டீச்சர், இனிமே அனுப்பிருவேன்" என்று தொடங்கினார். "அதுவும் பேசணும்ணே. முதல்ல வளைவுல ஓரம் மடிக்கிறதைக் காட்டுங்க" என்றேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு ஒரு பழைய அலுமினியத் தகட்டுத் துண்டை எடுத்தார்.

அரைமணி நேரத்தில் அவர் காட்டியவை எந்தப் பயிற்சியிலும் எனக்குக் கிடைக்காதவை. அச்சுக்கட்டையின் முனையை அரத்தால் லேசாக உருட்டிக்கொண்டார். கூர்மையான முனையில் மடித்தால் தகடு அங்கேயே கீறி விடும். விமானத் தகட்டில் இதற்கு அளவே உண்டு: கடினமான கலவை என்றால் மடிப்பின் உள் ஆரம் தகட்டின் கனத்தைப் போல மூன்று மடங்காவது இருக்கட்டும் என்பார்கள். வெட்டிய விளிம்பையும் அரத்தால் வழுவழுப்பாக்கினார். பிசிறு இருந்தால் அங்கிருந்துதான் கிழியும். செங்குத்தாக மடித்து விட்டால் கையை எடுத்ததும் தகடு சற்றுத் திறந்துகொள்கிறது. அதனால் கட்டையின் பக்கவாட்டை நேராக வைக்காமல் கொஞ்சம் உள்ளே சரித்துச் சீவி, தகட்டை அதிகப்படியாகவே மடிக்க வேண்டும். மீட்சித்தன்மை பற்றிச் சொல்வதற்கு இது நல்ல உதாரணம்.

இரும்புச் சுத்தியை அவர் தொடவே இல்லை. "இரும்பை இரும்பு மேல வச்சு அடிச்சா தகடு நசுங்கி விரியும் டீச்சர். நமக்கு விரியக் கூடாது, சுருங்கணும். மரத்தால மெதுவாத் தட்டணும். ஒரே எடத்துல மடிச்சு முடிக்கக் கூடாது, இந்தக் கடைசிலேர்ந்து அந்தக் கடைசிக்குக் கொஞ்சம் கொஞ்சமாப் போயிட்டே இருக்கணும்." சிறு சிறு அலையாக எழும் தகட்டை, அலை பெரிதாவதற்குள் தட்டி உள்ளேயே அமுக்கினார். அலை ஒன்றன்மேல் ஒன்று மடிந்துவிட்டால் அவ்வளவுதான், அந்தத் துண்டு வீண். "தகடு ரப்பர் இல்ல. ஆனா கல்லும் இல்ல" என்றார்.

இப்போது பையனின் கேள்விக்கு விடை வந்தது. மிச்சத் தகடு போகக்கூடிய இடங்கள் சில உண்டு. வளைவு பெரிதாக இருந்தால் தகட்டுக்குள்ளேயே சுருங்கிப் போய்விடும்; விளிம்பு மிகச் சற்றே தடிக்கும். வளைவு சிறிதானால் ஆங்காங்கே ஆப்பு வடிவில் வெட்டி எடுத்துவிடலாம். அல்லது அலைகளை நாமே திட்டமிட்டு உண்டாக்கலாம். இரண்டு ரிவெட் துளைகளுக்கு நடுவே, உள்பக்கமாகச் சிறு சுருக்கு. வெளிப்பக்கமாகச் சுருக்கு வந்தால் மேல்தகடு படியாது. இதற்கென்றே மூன்று விரல் வைத்த இடுக்கி இருக்கிறது. தொழிற்சாலையில் அழுத்தி வரும் விலாக்கூட முழுதாகத் தயாராக இருப்பதில்லை. ஓரத்தில் அடைபட்ட மிச்சத் தகடு விலா முழுவதையும் வாழைப்பழம் போல வளைத்து வைத்திருக்கும். கட்டுபவர் ஒவ்வொரு சுருக்காகப் போட்டு, துளைகள் ஒரே நேர்கோட்டில் வரும்வரை அதை நிமிர்த்துகிறார்.

இதைப் பார்த்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. இருபது வருடமாக என் ரவிக்கையை நானே தைக்கிறேன். கைக்குழியில் கை பொருத்தும்போது சுருக்குப் பிடிப்பதும், கழுத்து வளைவைத் திருப்பும் முன் சின்னச் சின்னதாக வெட்டு கொடுப்பதும் எதற்கு என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. கழுத்து வளைவு உள்வளைவு. அங்கே மடித்தால் துணி மிச்சமாகாது, போதாது. வெட்டு கொடுத்தால்தான் விரிந்து படியும். தகட்டிலும் அப்படியே: உள்வளைவில் ஓரம் இழுபட்டு நீள வேண்டும், நீள முடியாவிட்டால் கிழியும். அதே கணக்குதான், கழித்தலின் குறி மட்டும் மாறுகிறது. பிரியாணி பார்சல் வரும் ஃபாயில் டப்பாவை எடுத்துப் பாருங்கள். நேர்ப்பக்கங்கள் மழமழவென்று இருக்கும். நான்கு மூலைகளில் மட்டும் சுருக்குச் சுருக்காக இருக்கும். மிச்சத் தகடு அங்கேதான் போயிருக்கிறது.

அறிவியல் ஆசிரியருக்கும் இதில் பங்கு உண்டு. பத்தாம் வகுப்பில் உலோகக்கலவைகளை வெறும் பட்டியலாக மனப்பாடம் செய்ய வைக்கிறோம். டியூராலுமின், விமான பாகங்கள் என்று ஒரு வரி. அதன் பின்னால் ஒரு கதை இருக்கிறது. ஜெர்மனியில் ஆல்ஃபிரெட் வில்ம் என்பவர் 1906-இல் அலுமினியத்தோடு தாமிரமும் சிறிதளவு மக்னீசியமும் கலந்து, சூடாக்கி, நீரில் முக்கிச் சோதித்தார். எஃகு போல உடனே கடினமாகும் என்று எதிர்பார்த்தார், ஆகவில்லை. அதே துண்டைச் சில நாள் கழித்து அளந்தபோது கடினம் கூடியிருந்தது. யாரும் எதுவும் செய்யாமல், சும்மா இருந்தே கடினமாகியிருந்தது. அதாவது முக்கி எடுத்த பிறகு கொஞ்ச நேரம் தகடு மென்மையாக இருக்கும். அதற்குள் வேலையை முடித்தால் பிறகு அதுவே இறுகிக்கொள்ளும். இன்றும் சில வகை ரிவெட்டுகளைச் சூடாக்கி, முக்கி, உடனே குளிரூட்டியில் வைத்துவிடுவார்கள். குளிரில் இறுகுவது தாமதப்படும். வெளியே எடுத்தால் சில நிமிடங்களில் அடித்து முடிக்க வேண்டும். வெப்பநிலையும் வினைவேகமும் என்று நாம் நடத்துவதற்குப் பக்கத்திலேயே வைக்கலாம். ரிவெட்டை ஃபிரிட்ஜில் வைக்கிறார்கள் என்று சொன்னபோது என் வகுப்பு சிரித்த சிரிப்பில் பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்தார்.

வகுப்பறையில் செய்ய விரும்புவோருக்குச் சில வார்த்தைகள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் கையில் தகடு கொடுக்க வேண்டாம். வெட்டிய அலுமினியம் பிளேடு மாதிரி. குளிர்பானக் கேனும் வேண்டாம். நாங்கள் பழைய ஃபைல் அட்டையில் செய்தோம். முதலில் சார்ட் தாளில் முயன்று தோற்றோம். தாள் சுருங்குவதே இல்லை, உடனே கசங்குகிறது. ஃபைல் அட்டையை லேசாக ஈரத்துணியால் துடைத்துக்கொண்டால் ஓரளவு தகடு போலவே நடந்துகொள்கிறது. அச்சுக்கு ஒரு சாப்பாட்டுத் தட்டும் ஒரு டம்ளரும் போதும். இரண்டிலும் ஒரே அகலத்தில் ஓரத்தை மடிக்கச் சொல்லுங்கள். தட்டில் படிவதும் டம்ளரில் முரண்டு பிடிப்பதும் கையில் தெரிந்த பிறகு கணக்குக்குப் போங்கள். நான் கணக்கை முதலில் வைத்து, கைவேலையைப் பிறகு வைத்தேன். அடுத்த முறை மாற்றுவேன். ஒரு பாடவேளை போதாது. இரண்டைச் சேர்த்துக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பையனின் அப்பாவை ஒரு நாள் வகுப்புக்கு அழைத்தேன். தலைமையாசிரியர் அனுமதி தந்தார். வந்தவர் நாற்காலியில் உட்காரவே இல்லை. ஆனால் தகட்டைக் கையில் எடுத்ததும் குரல் மாறிவிட்டது. கேள்விகள் வந்தபோது பாதிக்கு மகன்தான் பதில் சொன்னான். அதன்பின் சனிக்கிழமை தவிர மற்ற நாள் பட்டறைக்கு வரக் கூடாது என்று அவரே அவனிடம் சொல்லியிருக்கிறார். வருகைப்பதிவேடு முன்பைவிடப் பரவாயில்லை.

மெல்லக் கற்போர் பட்டியலில் இருந்து அவன் பெயரை எடுத்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். எடுக்கவில்லை. பருவத் தேர்வில் வில்லின் நீளத்தில் θ-வை 360-ஆல் வகுக்காமல் விட்டுவிட்டு, மற்றதைச் சரியாகச் செய்திருந்தான். அரை மதிப்பெண்தான் போட முடிந்தது. விடைத்தாளைத் திருப்பிக் கொடுத்தபோது, "கால்வட்டம்னா நாலால வகுத்தா போதும்ல டீச்சர், எதுக்கு முந்நூத்தி அறுபது?" என்று கேட்டான். அடுத்த வாரம் முழுவதும் அதற்கே போனது. பட்டியலில் அவன் பெயருக்கு எதிரே 'எழுத்தில் மட்டும்' என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.

நாங்கள் செய்த ஃபைல் அட்டை விலா, ஒரு முழ நீளம், வகுப்பின் பின்சுவரில் தொங்குகிறது. பன்னிரண்டு சுருக்குகள். பதினொன்று உள்பக்கம் பார்க்கின்றன. மூக்குக்குப் பக்கத்தில் ஒன்று மட்டும் வெளிப்பக்கம் துருத்திக்கொண்டிருக்கிறது. அதை மடித்தது நான். மாற்றிவிடலாம் என்றால் பிள்ளைகள் விட மாட்டேன் என்கிறார்கள்.